என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்

எனக்கு முதலில் பயம் வந்தது அவருடைய காதுகளைப் பார்த்துத்தான். காது என்றால் மடல் இருக்கும், நடுவில் ஓட்டை இருக்கும். அவருக்கோ இரண்டு பக்கமும் பிசைந்த மாவை உருட்டி ஒட்டினது போல இருந்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எங்கள் சந்தில் அவர் நிமிர்ந்து நின்றால் கேபிள் ஒயர் தலையில் மாட்டும் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அவரைத் தண்டையார்பேட்டைக்குக் கூட்டி வந்தது என் அத்தை. அப்பாவின் தங்கை. எங்கள் வட்டாரத்துப் பெண்கள் கபடி ஆடிய காலத்தில், முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரக்பி ஆடப் போனவள். பந்தோடு ஓடி, கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் பாயின்ட் என்பாள். மாநில அணியிலும் இடம் பிடித்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்து கடலோரப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தரும் ஒரு குழுவோடு அவர் வந்திருந்தார். அத்தைக்கு அது சாமியே வாசலுக்கு வந்த மாதிரி. அவருடைய பழைய ஆட்டங்களையெல்லாம் செல்போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

“அயர்லாந்து நாட்டுக்கே ஆடனவரு பாப்பா. அவரு அப்பாவும் நம்மளாட்டம்தான், ஹார்பர்ல மூட்ட தூக்கனவரு. இவரு பச்ச பனியன் போட்டுகினு எறங்குனாருன்னா எதிராளி கதிகலங்கிப் பூடுவான். ஸ்க்ரம்முன்னு எட்டுப் பேரு தலய வுட்டு முட்டுவாங்க பாரு, அதுல ரெண்டாவது வரிச. முட்டி முட்டித்தான் காது அப்படி ஆயிப்போச்சி.”

ஒரு முக்கியமான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தாராம். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார்களாம். எழுந்து கடைசி வரைக்கும் ஆடி ஜெயித்துக் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தையின் கண் கலங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார், பாதியில் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பது மட்டும் அத்தைக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, காலையில் மைதானத்தில் அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது, என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அதற்கும் அதே சந்தோஷத்தோடு தலையாட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான, நரைத்த அம்மா. கணவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடியே மைதானம் முழுக்க நடந்துகொண்டிருந்தார். புருஷன்மேல் இவ்வளவு பாசமா என்று எங்கள் தெருப் பெண்கள் கேலி பேசினார்கள்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா சுறாப்புட்டும் நெத்திலி வறுவலும் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாவுக்குப் புடவை கட்டிப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் உள்ளே போனார்கள். கரண்ட் இல்லாததால் அவர் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் முன் அந்த அம்மா வாசலில் நின்று அத்தையிடம் ஏதோ சொன்னார். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

“நீ இவரு பக்கத்துலயே குந்திகினு இரு. தனியா எங்கயும் வுடாத. தோ வந்துட்றோம்.”

இவ்வளவு பெரிய ஆளை நான் எப்படி விடாமல் வைத்திருப்பது?

அது மட்டுமல்ல என் பயம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. எந்த வேஷத்திலும் வருவார்களாம். அம்மா அதை அலற வைத்துக் கேட்பாள். எனக்குத் தூக்கத்திலும் அந்தக் குரல் கேட்கும்.

அவர் திடீரென்று எழுந்து நடந்தார். நான் அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டேன். “சார், வூட்டுக்குப் போலாம்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சந்து முடிந்து பெரிய ரோடு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரே ஹாரன் சத்தம். அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் அவர் நின்றார். முதுகு வளைந்தது. முகம் மாறியது. காலையில் சிரித்த மனிதர் அந்த முகத்தில் இல்லை.

அடுத்த நொடி என் கால் தரையில் இல்லை. என்னை அள்ளி விலாவோடு இடுக்கிக்கொண்டு ஓடினார். ஒரு வண்டிக்கு முன்னால் புகுந்து, அடுத்த வண்டிக்குப் பின்னால் வளைந்து ஓடினார். பிரேக் கிரீச்சிட்டது. என் முகத்துக்குப் பக்கத்தில் என்னைவிட உயரமான டயர் ஒன்று போனது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் இவன்தான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடங்கு வாசலில் ஒரு வெள்ளைக் கோடு. அதைத் தாண்டியதும் குனிந்து, இரண்டு கையாலும் என்னைத் தரையில் மெல்ல வைத்தார். பிறகு கையைத் தூக்கிச் சிரித்தார்.

“டேய், புள்ளயத் தூக்கிகினு ஓட்றான்டா! புடி!”

எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. முதல் அடி அவர் தோளில் விழுந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. என்மேல் கவிழ்ந்து, முழங்கையை ஊன்றி, கூரைபோல மூடிக்கொண்டார். அடிகள் அவர் முதுகில் விழும் சத்தம் எனக்குள் அதிர்ந்தது. அவர் மூச்சு என் தலைமேல் பட்டது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“அடிக்காதீங்க! எங்க வூட்டுக்கு வந்தவரு! எங்க அத்தையோட சாரு!”

யாருக்கும் கேட்கவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்குக் கேட்டது. கூடையை இறக்கிவிட்டு நடுவில் புகுந்தாள்.

“யோவ், கொஞ்சம் நிறுத்துங்கய்யா! கொயந்த இன்னா சொல்துன்னு கேளுங்க மொதல்ல!”

சிலர் கையை இறக்கினார்கள். ஒருவன் மட்டும் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையைத் தூக்கிவிட்டான். அது அவர் தலைக்குத்தான் குறி வைத்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘தொப்’பென்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது கட்டைக்காரன் மல்லாந்து கிடந்தான். அவன் முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி அத்தை கிடந்தாள். ஓடி வந்த வேகத்தில் பாய்ந்து சாய்த்திருந்தாள். விழுந்ததில் அவளுடைய தலை நடைபாதைக் கல்லில் மோதியிருந்தது.

கூட்டம் அப்படியே அடங்கியது. பாதிப் புடவை சுற்றியபடி அந்த அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கணவரின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாக ஏதோ கேட்டார். நாம் எங்கே இருக்கிறோம், இன்று யாரோடு ஆட்டம் என்று கேட்டதாக அத்தை பிறகு சொன்னாள். அவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அது சென்னை இல்லை. “ஜெயித்துவிட்டோமா?” என்று கேட்டார். அந்த அம்மா ‘ஆமாம்’ என்று தலையாட்டினார். கன்டெய்னர்களுக்கு நடுவில் இது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தை எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். ஒரு பக்கமாகத் தள்ளாடி, அங்கே நின்ற லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒண்ணுமில்ல, எனக்கு இதெல்லாம் பயக்கம்தான்.”

அந்த அம்மா கணவரை மீன்காரம்மாவின் கையில் ஒப்படைத்துவிட்டு அத்தையிடம் வந்தார். அவளுடைய முகத்தையும் அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நெற்றிக்கு மேல், முடிக்குள் விரல் விட்டுத் தடவினார். திரும்பிக் கணவரின் தலையைக் காட்டினார். ஏதோ கேட்டார். அத்தை முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு ஒரு விரலைக் காட்டினாள். யோசித்து இரண்டாவது விரலை நீட்டினாள். மூன்று. நான்கு. அதற்கு மேல் எண்ணாமல் கையைக் கீழே போட்டாள்.

அந்த அம்மா அழ ஆரம்பித்தார். தன் புருஷன் அடிவாங்கியபோது அழாத பெண், என் அத்தையைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் அழுதார்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எத்தனை கோப்பை ஜெயித்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார், எண்ணிக்கையில் அடங்காத அளவுக்கு அத்தை ஜெயித்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.