தூசிக்கு ஒரு பொன்னாடை, திரளுக்கு ஒன்று

பெங்களூர் பஸ் பாலக்கோட்டுக்குள் நுழைகிற இடத்தில் என் முகத்தை நானே பார்த்தேன். நான் படித்த தனியார் கல்லூரி வைத்திருந்த ஃப்ளெக்ஸ். மாவில் புரட்டி எடுத்ததுபோல என்னை வெளுப்பாக்கி, கழுத்தைச் சுற்றிச் சனிக்கோளின் வளையத்தை மாட்டிவிட்டிருந்தார்கள். ‘புதிய சூரியக் குடும்பம் கண்ட எங்கள் மாணவி! அட்மிஷன் நடைபெறுகிறது.’ கர்மம். விலை போகாமல் சாலையோரம் கொட்டிய தக்காளி அதன் அடியில் அழுகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் எந்தச் சூரியக் குடும்பத்தையும் காணவில்லை. என் ஆராய்ச்சி நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசியைப் பற்றியது. கோள்கள் உருவானபோது மிஞ்சிய கற்கள் மோதி நொறுங்கித் தூசியாகும். நட்சத்திரத்தின் வெப்பத்தில் அது சூடேறி அகச்சிவப்பு ஒளி விடும். ஒரு நட்சத்திரத்தில் அந்த ஒளி இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. தூசி இருக்கலாம் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னோம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னோம். அது எப்படியோ செய்தியாகி, கல்லூரிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

அதற்குள் இன்னும் கூர்மையான தொலைநோக்கியின் படம் வந்தது. ஒளி நட்சத்திரத்திலிருந்து சற்றே தள்ளியிருந்தது. நட்சத்திரத்துக்கும் பின்னால், எங்கோ வெகு தொலைவில், ஒரு விண்மீன் திரள். அதன் தூசி விட்ட ஒளியை இதனுடையது என்று நினைத்துவிட்டோம். இருட்டில் எதிரே வருகிறவர் கையில் டார்ச் இருப்பதாக நினைப்போம்; வெளிச்சம் அவருக்குப் பின்னால் வரும் டிராக்டருடையதாக இருக்கும். இந்தத் துறையில் இது சகஜம். அப்படிப்பட்ட திரள்கள் வானமெங்கும் கொட்டிக் கிடக்கின்றன. முடிவைத் திருத்தி எழுதிவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விட்டேன்.

ஊரில்தான் வினை காத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா என்னைப் பார்த்ததும் மகளோடு ஓடிவந்தார். அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேரவேண்டும்.

“அதெல்லாம் வேணாம் கண்ணு. நீ படிச்ச காலேஜிலயே சேத்துர்லாம்னு இருக்கறேன். போர்டுல ஒன்னப் பாத்ததுலருந்து வேற ரோசனையே இல்ல.”

“மாமா, அங்க இப்ப பிசிக்ஸே கெடையாது. மூடிட்டாங்க. அந்தப் போர்டுல இருக்கறதும் பொய்யிங்க.”

அவர் சிரித்தார். “படிச்ச புள்ளைங்க இப்பிடித்தான், தன்னப் பத்திப் பெருமையாவே பேசாதுங்க. நாளைக்கு சனிக்கெழம காலேஜில ஒனக்கு விழா இருக்குதில்ல? மேடையில இதையே சொல்லு, நம்பறேன்.”

“சொல்லுவீங்கல்ல அக்கா?” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு வேண்டியது இயற்பியல்தான். சொல்லாமல் விடமாட்டேன் என்றேன்.

மறுநாள் மேடையேறுமுன்பே கல்லூரித் தாளாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அட வுடும்மா. அட்மிஷன் முடியட்டும், போர்ட நானே கழட்டிடறேன். யாரு வானத்து மேல ஏறிப் போயிப் பாக்கப் போறாங்க?” என்றார். சீ! இப்படியும் ஒரு பிழைப்பா? அதே வாயால் அடுத்த நிமிடம் என்னை மகளே என்று கூப்பிட்டு, வியர்வை ஊறிய கையால் பொன்னாடை போர்த்தினார்.

மைக்கைப் பிடித்தேன். “அந்த நட்சத்திரத்தச் சுத்தித் தூசி இருக்குதுன்னு நாங்க நெனச்சது தப்புங்க. அது பின்னால ரொம்ப தூரத்துல இருக்கற ஒரு விண்மீன் திரளோட வெளிச்சம். நான் எதையும் கண்டுபுடிக்கல. அப்பறம், இந்தக் காலேஜில இப்ப பிசிக்ஸ்...”

மைக் என் கையில் இல்லை. தாளாளர் பிடுங்கியிருந்தார். முகமெல்லாம் பல்.

“கேட்டீங்களா! தூசியத் தேடிப் போன எங்க பொண்ணு ஒரு விண்மீன் திரளையே புடிச்சிட்டு வந்துருக்குது! அதுக்குள்ள எத்தன கோடி சூரியனோ! பலமா கை தட்டுங்க!”

தட்டினார்கள். அய்யோ, என்ன தட்டு! “நான் கண்டுபுடிக்கலைங்க” என்று கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது பொன்னாடை வந்து விழுந்தது. அந்த ஜிகினாத் துணியை அங்கேயே உதறி எறிந்துவிட்டு இறங்கினேன். அதற்கும் தட்டினார்கள்.

அறிவியலில் தப்பை ஒப்புக்கொள்வதைப்போல் சுத்தமான வேலை வேறில்லை என்று நம்பியிருந்தவள் நான். அதையும் எடுத்து விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். த்தூ!

மாமாவைத் தேடினேன். அரங்கத்தின் வாசலிலேயே அட்மிஷன் மேசை போட்டிருந்தார்கள். அங்கிருந்து முகம் மலர வந்தார்.

“சொன்னாப்பலயே மேடையில சொல்லிட்ட கண்ணு! நான்தான் வெவரம் தெரியாம ஒரே ஒரு சூரியன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். சேத்துட்டேன்.”

பின்னால் அவள். தோளில் கல்லூரி கொடுத்த புதுப் பை, அதில் என் வெளுத்த முகம்.

“ஒரிஜினல் எல்லாத்தையும் வாங்கி வெச்சிக்கிட்டாங்க அக்கா” என்றாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். இந்தப் பெண் இங்கே சேரவில்லை, திங்கட்கிழமைக்குள் அரசுக் கல்லூரியில் சேரவேண்டும், சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேசையிலிருந்தவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

“குடுத்துர்லாம் மேடம். செவ்வாக்கெழம வந்து வாங்கிக்கங்க.”