சிங்கத்தின் தாடை

நானூறு வருஷமாக நிற்கிற ஒரு கல்லை ஒரு தேங்காயால் உடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நான் கட்டடக்கலையில் பட்டம் வாங்கியவள், நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் என் அப்பா உடைத்தார். சந்தைச் சதுக்கத்தில், சனிக்கிழமை பட்டப்பகலில், சீஸ் வண்டிக்காரனும் பூ விற்கிறவளும் பார்த்துக்கொண்டிருக்க உடைத்தார்.

ஊர்ப் பெயர் வேண்டாம். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்திலிருந்து ரயில் ஏறி, தூக்கம் பிடிக்கிற நேரத்தில் இறங்க வேண்டிய ஊர். நடுவில் சதுக்கம், அதன் ஓரத்தில் அந்த மறுமலர்ச்சிக் கால வீடு. சிவப்புச் செங்கல் சுவர், தளத்துக்குத் தளம் வெளிறிய மணற்கல் பட்டி, உச்சியில் சுருள் சுருளாக வளைந்து ஏறும் முகப்பு. எல்லாம் டச்சுக்காரரைப் பார்த்து அடித்த கொப்பி. கட்டியவன் மாடும் தானியமும் விற்ற வியாபாரி. கூரைக்குக் கீழே அட்டாளையில் சரக்கு, நடுவில் குடும்பம், கீழே கடை. வாசலின் இரண்டு பக்கமும் செதுக்கிய கல் தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிங்கமுகம். வாசலுக்கு வருகிறவன் வியாபாரியைப் பார்க்க முன்னமே கொஞ்சம் பயப்பட வேண்டும், அதுதான் ஐடியா.

முதல் முறை நான் பின்முற்றத்துக்குப் போனபோது சிரித்துவிட்டேன். பின்பக்கம் முழுக்க மரச்சட்டமும் களிமண் பூச்சும்தான். சதுக்கத்தைப் பார்க்கிற முகத்துக்கு மட்டும் கல். எங்கள் தமிழ் ஆட்கள் கலியாண மேடைக்கு ஹொலண்ட் பூவெல்லாம் இறக்கிவிட்டு, பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் ஆட்களை இருத்துகிற மாதிரி. அந்த வியாபாரியை எனக்கு உடனே பிடித்துப்போனது.

அவனுக்குப் பிறகு அங்கே மருந்துக்கடை இருந்தது, வங்கி இருந்தது, கடைசியாகச் சப்பாத்துக்கடை. அதுவும் இழுத்து மூடப்பட்ட பிறகு கீழ்த்தளம் சும்மா கிடந்தது. அதைத்தான் அம்மா வாடகைக்கு எடுத்தார்.

அம்மாவுக்கு ஏன் கடை என்று சொல்ல வேண்டும். பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று நின்று அவருடைய வலது தோள் போய்விட்டது. தலை வாரும்போது சீப்பைப் பிடிக்கிற கையை மற்றக் கையால் தாங்கிப் பிடிப்பார். இந்தத் தோளோடு என்ன வேலை முடியும் என்று அறிய நகரசபை அலுவலகம் கூப்பிட்டு, இங்கே நின்று பார், அங்கே இருந்து பார் என்று ஒவ்வொரு இடமாகப் பரிசோதனை வேலைக்கு அனுப்பியது. ஒருநாள் அம்மா அலுத்துப்போய்ச் சொன்னார்: "இனி ஒருத்தரும் மணி அடிச்சு என்னைச் சாப்பிட விடத் தேவையில்லை. நான் கடை போடப்போறன்." ரோல்ஸ், இடியப்பம், மிளகாய்த்தூள், ஐஸ் மீன். அவ்வளவுதான் திட்டம். ஆனால் அதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவர் நடக்கிற சத்தமே மாறிவிட்டது.

திறப்பு நாளுக்குப் புரொண்பி என்ற ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வாய் மட்டும் அவருக்கு முன்னால் நடந்து வரும். நிறைகுடம் வைத்தாயிற்று, வாழையிலைக்குப் பதிலாக ஏதோ டெனிஷ் பச்சை இலை வைத்தாயிற்று. அப்பா வழக்கம்போலப் பிளாஸ்டிக் பேசினும் சுத்தியலும் கொண்டு வந்தார். இங்கே புது வீடு குடிபோகிற எல்லாரும் அப்படித்தான்: பேசினுக்குள் வைத்துத் தேங்காயைச் சுத்தியலால் தட்டுவோம். படிக்கட்டில் தண்ணீர் சிந்தினால் கீழ்வீட்டுக் கிழவி முறைப்பாடு எழுதுவாள்.

மாமா பேசினைப் பார்த்தார். "என்ன அத்தான், தேங்காய்க்கு முழுக்கு வாக்கப்போறியளோ?"

"இல்லையடாப்பா, நிலம் ஊத்தையாகும்."

"கடை திறக்கிறியளோ, கள்ளத்தனமா ஏதும் செய்யிறியளோ? வாசல்ல அடியுங்கோ. இந்தா, பிள்ளையார் அனுப்பின மாதிரி ஒரு கல்லு நிக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, உங்கட மனுசனுக்குக் கையில பலமில்லைப் போல" என்று மாமா சொல்லிவிட்டார். அவ்வளவு போதும். அப்பா தேங்காயை ஓங்கி, இடதுபக்கத் தூணின் அடியில் ஒரே அடி.

தேங்காய் உடையவில்லை. சிங்கத்தின் கீழ்த்தாடை கழன்று நிலத்தில் விழுந்தது.

சீஸ் வண்டிக்காரன் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். நான் தாடையைப் பார்த்தேன். இது சட்டப் பாதுகாப்பில் இருக்கிற கட்டடம். ஒரு ஆணி அடிக்கவும் அரச இலாகாவிடம் அனுமதி கேட்க வேண்டும். அம்மா தாடையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்த தேங்காயைத்தான் பார்த்தார்.

"உடையேல்லை," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"சிங்கத்துக்குப் பல்லுக்கொதி இருந்திருக்கும் அக்கா, அத்தான் புடுங்கி விட்டிட்டார்," என்றார் மாமா.

அப்பா தாடையைக் கடைப் பைக்குள் எடுத்து வைத்தார். "டைல்ஸ் ஒட்டுற பசை கராஜில கிடக்கு. பின்னேரத்துக்குள்ள ஒட்டிவிடலாம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"அப்பா, சத்தியமா அதில கை வையாதையுங்கோ. பசை போட்டா இன்னும் பெரிய பிரச்சினை."

வீட்டுச் சொந்தக்காரருக்கு நானே போன் செய்தேன். வயதான டெனிஷ்காரர், சைக்கிளில் வந்தார், தாடையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவே இல்லை. அது கவலையான விஷயம்தான், ஆனால் இலாகாவுக்குச் சொல்லாமல் விட முடியாது என்று டெனிஷில் மெதுவாகச் சொன்னார். பிறகு அம்மாவிடம் ஒரு ரோல் வாங்கிச் சாப்பிட்டு, நல்லாயிருக்கிறது என்றார். கத்தியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து இலாகா அனுப்பிய, கல் பார்க்கிற பெண் ஒருத்தி வந்தாள். ஒரு குட்டிச் சுத்தியலால் தூணைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். கீழே தட்டினாள், நடுவில் தட்டினாள், ஏணி வைத்து மேலே ஏறியும் தட்டினாள். எனக்கே கேட்டது: உள்ளே கோறை, வெறும் பானையைத் தட்டுகிற மாதிரி. அந்தக் காலத்தில் கல்லையும் கல்லையும் இரும்புக் கொளுக்கியால் பிணைத்தார்கள். இரும்பு துருப்பிடித்து ஊதி, கல்லை உள்ளிருந்தே பிளந்திருந்தது. போதாததற்கு யாரோ எப்போதோ சீமெந்து பூசி, மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடைத்துவிட்டிருந்தார்கள். பனி உறைந்து உறைந்து மிச்ச வேலையையும் முடித்திருந்தது. இரண்டு தூணும், மேலே இருக்கிற கல் வளைவும், எல்லாமே ஆட்டம். தேங்காய் இல்லாவிட்டால் ஒருநாள் யாருடைய தலையிலாவது விழுந்திருக்கும் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். நன்றியும் சொன்னாள்.

காரில் அப்பா, "பேய்க்கதை. பாவம் எண்டு ஆறுதலுக்குச் சொல்லுறாள்," என்றார்.

"இல்லையப்பா, உண்மை. நானே கேட்டனான், உள்ளுக்கை கோறை. அது எப்பவோ செத்துப்போச்சு."

"நீ படிச்சதை உன்னோட வைச்சிரு. அடிச்சது என்ர கை."

அடுத்த கிழமை வாசலைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள், மரமுட்டுக் கொடுத்தார்கள், வலை போட்டார்கள். கதவுக்குக் குறுக்கே பலகை. கடைக்கு வருகிறவர்கள் பக்கத்து ஒழுங்கைக்குள் புகுந்து, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, நான் பார்த்துச் சிரித்த அந்தக் களிமண் முதுகு வழியாக வர வேண்டும். முன்னால் பெயர்ப்பலகை வைக்கக் கேட்டோம். சாரத்தில் ஒன்றும் தொங்கவிட முடியாது என்றார்கள். புதுக்கல் பழைய கல்லின் சாதியாகவே இருக்க வேண்டுமாம், சுவீடனின் ஒரு தீவிலிருந்து வர வேண்டுமாம், அதற்கு முதல் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி வர வேண்டுமாம்.

"எப்ப கதவு திறக்கும் எண்டு கேள்," என்றார் அம்மா. கேட்டேன். வசந்தகாலமாக இருக்கலாம், அதற்கு அடுத்த வருஷமாகவும் இருக்கலாம் என்றார் சொந்தக்காரர். அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

டெனிஷ்காரர் ஒழுங்கைக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கடை என்றால் கண்ணாடிக்குள் வெளிச்சம் தெரிய வேண்டும். எங்கள் ஆட்கள் வந்தார்கள், ஆனால் இந்த ஊரில் எங்கள் ஆட்கள் எத்தனை வீடு? ஸ்கீவவிலிருந்து ஒரு குடும்பம் தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்க வந்து, வாசலைத் தேடிச் சதுக்கத்தையே சுற்றிவிட்டு, போனில் "கடை பூட்டிட்டியளோ?" என்று கேட்டார்கள். அம்மா, "இல்லை, இல்லை, நில்லுங்கோ, வாறன்," என்று ஜாக்கெட்டும் போடாமல் பனிக்குள் ஓடினார். நான் உள்ளே நின்று பார்த்தேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த மாரிகாலம் முழுக்கப் பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. சாரத்து வலை ஜன்னலை மூடிவிட்டது. வீட்டின் முகத்தில் கட்டுப்போட்ட மாதிரி. உள்ளே உட்கார்ந்தால் வெளியே சந்தை நடக்கிற சத்தம் கேட்கும், ஒரு ஆளும் தெரியாது. அம்மா காலையில் சுட்ட ரோல்ஸைப் பின்னேரம் பெட்டிக்குள் அடுக்கி வீட்டுக்குக் கொண்டு வருவார். நாங்கள் இரவும் ரோல்ஸ், காலையும் ரோல்ஸ் சாப்பிட்டோம். அப்பா கடைப்பக்கமே வருவதில்லை. அம்மாவை ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேன்: "அம்மா, நீங்கள் அப்பாவில கோவமோ?"

"ஏன் கோவம்? அந்தக் கல்லுத்தான் முந்தியே உழுத்துப்போச்சு எண்டு நீயே சொன்னாய்."

"அப்ப மாமாவில?"

"அவன்ர வாய் எனக்குத் தெரியாததே?" மிளகாய்த்தூள் பைகளை மீண்டும் ஒருமுறை நேராக்கி அடுக்கினார். "நல்லா விசாரிச்சு, நல்ல இடமா, நடுச் சந்தையில, நானூறு வருசம் விழாத வீடா எண்டு பாத்து எடுத்தனான் பிள்ளை. கராஜில கடை போட்டிருந்தாலும் யாவாரம் நடந்திருக்கும்."

மாசிமாதம் கடையை மூடி, தட்டுகளைக் கழற்றினோம். ஃப்ரீசரை ஹொர்சன்ஸிலிருந்து வந்த ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். அப்பா அன்றைக்கு மட்டும் உள்ளே வந்தார். பாரமானதையெல்லாம் தானே தூக்கினார், என்னைத் தொட விடவில்லை. பின்கதவால் போய்வந்து, போய்வந்து, ஒருமுறைகூட முன்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், இடது கையால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார்.