ஒரே ஊரில் இரண்டு காற்று

அலுவலகத்தில் அவளுக்கு வானக்காரி என்று பெயர். நடிகையைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடித்து அனுப்பிவிடுவார்கள். பின்னணியில் வானமோ மலையோ கணினியில் வரைந்து, ஒட்டியது தெரியாமல் சேர்ப்பது இவள் வேலை. பதினோரு வருடத்தில் இப்போதுதான் ஒரு முழு ஊர் கைக்கு வந்திருந்தது. வீட்டில் காட்டி, இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்று.

அந்த ஊர் ஆறு முறை திரும்பி வந்துவிட்டது. இயக்குநரின் குறிப்பு எப்போதும் ஒரே வரி: ஏதோ இடிக்கிறது. எது என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

"அஞ்சு மணிக்குள்ள சரியாகலன்னா பக்கத்து மேசைக்காரர்கிட்ட குடுத்துடுவேம்மா. தப்பா எடுத்துக்காத" என்றார் மேற்பார்வையாளர்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிழலைப் பார்த்தாள், தூரத்து வீடுகளின் மங்கலைப் பார்த்தாள். எல்லாம் சரி. எழுந்தாள், உட்கார்ந்தாள், மூன்றாவது டீயையும் ஆறவிட்டாள். அந்நேரம் பார்த்து மாமியார் போன் செய்தார்.

"மாடியில துணி காயுது. மழை வருமா? நாள் பூரா வானத்தையே பாக்குறவ நீதானே."

"எனக்கெப்படித் தெரியும் அத்தை" என்று கடுப்பாக வைத்துவிட்டாள். வைத்ததும் மனசு உறுத்தியது. ஜன்னலுக்குப் போய் மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள். எதிர்மாடிக் கொடியில் துணிகளெல்லாம் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன.

ஓடி வந்து உட்கார்ந்தாள். நடிகையின் கூந்தல் வலப்பக்கம் பறந்தது. ஊரின் கூரைகளில் புகை இடப்பக்கம் போனது. வெயில் பொருந்தவில்லை என்று, வேலை தொடங்கிய மூன்றாம் நாள் ஊரையே இடவலமாகத் திருப்பியிருந்தாள். தனியாகப் படம்பிடித்து ஒட்டிய புகையும் கூடவே திரும்பிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, புகையை மட்டும் பிரித்து மறுபடி திருப்பினாள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். ஓகே என்று பதில் வரும்வரை நகத்தைக் கடித்தாள்.

படம் வந்ததும் மாமியாரைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். ஊர் வந்தது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தை, இந்த ஊரு நான் வரைஞ்சது."

"சும்மா இரு. ஆள் குடியிருக்கிற ஊரு எனக்குத் தெரியாதா? புகை போகுது பாரு."

புகை வலப்பக்கம்தான் போகிறதா என்று அவளும் பார்த்தாள்.