தழுதழுக்க ஒரு வசனம்

எழுபதுகளின் கடைசியில், நான் கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், எங்கள் தெருத் தமிழர்கள் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டார்கள். எழுதியவர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் அப்பா வேஷம் என் கணவருக்கு. அவர் அரிசி மண்டியில் வேலை பார்த்தார். நல்ல உயரம், அதைவிட உரத்த குரல். பிறந்து வளர்ந்தது இங்கேயே. வீட்டில் தமிழ் பேசினாலும் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

ஒத்திகை பார்க்க நானும் போயிருந்தேன். அப்பா மாப்பிள்ளையிடம் பேசும் கட்டம். வசனத்துக்கு முன்னால் 'தழுதழுக்க' என்று எழுதியிருந்தது. இவர், "மாப்ளே, என் கண்ணையே உங்க கையில தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். பிறகு தாடையை. மாப்பிள்ளையாக நடித்தவர் முரட்டு மீசை வைத்த லாரி டிரைவர். துள்ளி விலகினார்.

"வே, என்ன செய்யுதீரு?" என்று கத்தினார் ஜவுளிக்கடைக்காரர்.

"நீங்கதானே தழுகணும்னு எழுதிருக்கீங்க?"

மலையாளத்தில் தழுகுவது என்றால் வருடிக் கொடுப்பது. அது எல்லோருக்கும் உறைத்ததும் அன்றைய ஒத்திகை அத்தோடு முடிந்தது. யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டார். "அப்போ தழுதழுக்கன்னா எந்தாக்கும்?"

"அழுகை தொண்டைல வந்து நிக்கும். அதை அடக்கிட்டுப் பேசினா குரல் உடையும்ல, அதுதாங்க."

"நடுங்கன்னு எழுதினா போராதா?"

"நடுங்கினா பயம், இல்லேன்னா குளிர். இது பாசம்."

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே தழுதழுக்கத்தான். "கொஞ்சம் சாயா தா" என்பார், தொண்டை அடைக்க. "என் சட்டை எங்கே?" குரல் உடையும். ஒரு காலை, "சாம்பார்ல உப்பில்லை" என்று அவர் சொன்னது எனக்கே நெஞ்சைப் பிசைந்தது. பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சி ஓடி வந்தாள்.

"மோளே, அவன் பாவமல்லே? எந்தினா இங்ஙனெ கரயிக்கிணே?"

நான் அவரை அழவைக்கவில்லை, அது நாடகத்துக்கு என்று எவ்வளவோ சொன்னேன். அவள் நம்பவில்லை. மத்தியானம் அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் மீன்கறி வந்தது.

திருவிழா சாயங்காலம் மேடையில் இவர் தலை குனிந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே..." என்றார். அப்படி ஒரு தழுதழுப்பு. முன்வரிசையில் இருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மைக் அவர் தலைக்கு மேலே எங்கோ தொங்கியது.

"சேட்டா, ஒண்ணும் கேள்க்குன்னில்லா! உறக்கெ பற!" என்று பின்வரிசையில் ஒருவர் கூவினார்.

இவர் குரலைச் சற்று உயர்த்தினார். உயர்த்திய அளவுக்குத் தழுதழுப்பு குறைந்தது. மறுபடியும், "உறக்கெ! உறக்கெ!" இவருக்குப் பொறுமை போய்விட்டது. மண்டியில் லாரிக்கு அந்தப் பக்கம் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரரைக் கூப்பிடும் குரலில், "மாப்ளே! என் கண்ணையே உங்க கையில தர்றேன்!" என்று முழங்கினார். மகள் வேஷக்காரி திடுக்கிட்டு, முகத்தைப் பொத்தியிருந்த முந்தானையை விலக்கிப் பார்த்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் திரைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது இவர் மெல்லக் கேட்டார். "எப்படி இருந்தது?"

"நல்லாக் கேட்டுச்சுங்க" என்றேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.