மதுரை முகவரியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

என் அக்கா மல்லிகா பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் வேலை பார்த்தவள். இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு நாள் எண்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் மதுரைக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புவோம். தீராத நோய்களுக்கான சிகிச்சையைச் சின்ன ஊர்களுக்கும் கொண்டுபோக டெல்லியில் திட்டம் போடுகிறார்கள், நோயாளிகளைக் கணக்கெடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் என்று பேப்பரில் வந்தது. கணக்கில் ஆள் இருந்தால் இந்தப் பக்கமே மெஷின் வரும்.

காலை 8.10 பஸ், டிக்கெட் இரண்டு ரூபாய். 8.45க்கு இறங்கினோம். பால்கோவா கடை வாசலில் அக்கா நின்றுவிட்டாள். அவளுக்குப் பால் ஆகாது. தண்ணீரே ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான்.

"வாக்கா, நேரமாச்சு."

"செத்த நேரம் இருலே. மோந்து பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே?"

கோர்ட்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகாம். வரிசையில் இருந்த மற்ற ஆறு பேரும் மதுரை பஸ்ஸில் பழகிய முகங்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ஒவ்வொருவரின் ஆஸ்பத்திரி நோட்டையும் பார்த்து எழுதினார். செல்லூர், தெற்குவாசல், அண்ணாநகர், எல்லாமே மதுரை முகவரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதலில் முறை. அதனால் எல்லோரும் அங்கிருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தோம்.

"இவிய அம்புட்டு பேரும் மதுரைக் கணக்குல்ல வாராக! இந்தப் பக்கம் ஆளே இல்லன்னுதான் டெல்லிக்குப் போகும்" என்றார் அந்த அம்மா.

அக்கா மேஜைக்குப் போனாள். "நான் ராஜபாளையம். நோட்டுல இருக்கது சித்தி வீடு. மாத்தி எழுதுங்க."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "முறை போயிரும்க்கா."

"இதுல ஒரு நகல் மதுரை ஆஸ்பத்திரிக்கும் போகும்மா. யோசிச்சுக்கோங்க" என்றார் அந்த அம்மா.

"போகட்டும். எழுதுங்க."

பின்னால் நின்ற, பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப எனக்கும் மாத்துங்க, தாயி." பன்னிரண்டு மணிக்குள் ஏழு பேரும் தாளில் சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். 12.30 பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்குக் கோபம் வீடு வரும்வரை ஆறவில்லை.

இப்படி அலைபவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரேஷன் கார்டு நகல் கையில் இருக்கட்டும். சிகிச்சை முடிந்து வரும்போது பின் சீட் வேண்டாம், தூக்கிப் போடும். படிவத்தில் சொந்த ஊரையே எழுதுங்கள். ஆனால் அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஏழு பேருக்கும் முறை வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. சுந்தரபாண்டியத்துக்காரர் தாங்கினார். அக்கா அடுத்த சித்திரையைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் மெஷின் வர மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. வந்தபின் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுந்தரபாண்டியத்துக்காரர்தான் அதில் படுத்திருந்தார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவேன், தம்பி" என்றார்.

அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு டயாலிசிஸ் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.