சித்தியின் ஒற்றை வசனம்

சித்தி அன்று தொலைக்காட்சியில் என்ன சொன்னார்? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. இணையத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. அப்போது வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கடை ஷிப்டுக்கும் நடிப்புத் தேர்வுகளுக்குமாக ஓடி, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி நாடகத்தில் சின்ன வேடம் கிடைத்தது. ஒரேயொரு வசனம். அது ஒளிபரப்பான அன்று அம்மா ரோல்ஸ் பொரித்தார். நான் டிவிக்கு முன்னால் தரையில் இருந்தேன். சித்தி மட்டும் உட்காராமல் கதவோடு சாய்ந்து நின்றார்.

திரையில் ஒருவர் இறந்து கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவியாகச் சித்தி. வெள்ளைச் சீலை, பொட்டில்லாத நெற்றி.

அம்மா எழும்பிவிட்டார். "கலியாணம் கட்டாத பிள்ளை, என்னடி கோலம் இது?"

"நடிப்புத்தானே அக்கா. கொஞ்சம் இருங்கோ, வசனம் இனித்தான் வருது."

"நீ முதல்ல குசினிக்கு வா. நாவூறு கழிக்கவேணும்."

செத்தல் மிளகாயையும் உப்பையும் சித்தியின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார் அம்மா. வீடே இருமியது. புகை அலாரம் அலறியது. சித்தி கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிற, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அலாரம் ஓய்ந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சித்தி கதிரையை விட்டு இறங்கவில்லை.

"என்ன வசனம் சித்தி?" என்று கேட்டேன்.

"மறந்துபோச்சு குஞ்சு. ரோல்ஸ் ஆறப்போகுது, சாப்பிடு."

நான் நம்பிவிட்டேன். வாரக்கணக்காகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே முணுமுணுத்தவருக்கு எப்படி மறக்கும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

பிறகு சித்தி ஸ்ட்ரெதமுக்குத் தனியே குடிபோனார். நர்ஸாக, நீதிபதியாக, ஒரு படத்தில் மணப்பெண்ணின் தாயாக எத்தனையோ வேடங்கள். எது எப்போது வரும் என்று எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. தற்செயலாகக் கண்டால் நான் தனியே இருந்து பார்ப்பேன். பார்த்தேன் என்று சொல்லவும் தயக்கம்.

இப்போது என் மகளுக்கு ஒரு தொடரில் சின்ன வேடம். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. அம்மா வருகிறார். சித்தியை அழைக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கூப்பிட்டால் பழசு நோகுமோ? கூப்பிடாவிட்டால் அதைவிட நோகுமோ? அவர் வந்து உட்கார்ந்தால், அந்த வசனத்தை இன்னொருமுறை கேட்கலாமா? உங்களில் யாருக்காவது தெரிந்தால், ஞாயிறுக்கு முன் சொல்லுங்கள்.