தல்லுஸ் வரைந்த மரம்

சுவருக்குச் சாந்து பூசுகிறவன் நான். எரிமலையடி ஊரான பொம்பெயியில் என் சாந்தைக் குறை சொன்னவன் எவனும் இல்லை. என் வாயைக் குறை சொன்னவர்கள் நிறைய. தல்லுஸைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும், அவன் தலையில் மண்ணைப் போட்டவன் நான்தானே.

அவன் விதவை செப்டுமியாவின் அடிமை. பத்தொன்பது வருடமாக அவள் வீட்டுச் சுவர்களில் தோட்டம் வரைந்தான். அரளி, மாதுளை, மூங்கில் வேலி, தொட்டி விளிம்பில் தண்ணீர் குடிக்கும் குருவி. முற்றத்துச் செடிகள் வெயிலில் கருகின வருடத்தில்கூடச் சுவர் பச்சையாக இருந்தது. முகம் மட்டும் அவனுக்கு வராது. சுவரின் நடுக்கட்டத்தில் தேவர்களை வரைய பிலோத்தாஸ் என்று ஒருவர் வெளியிலிருந்து வருவார். அவர் தூரிகையோடு வந்து நிற்காமல் நடுக்கட்டத்துக்குச் சாந்து பூசக் கூடாது. காய்ந்த சாந்தில் நிறம் நிற்காது.

அந்த வசந்தத்தில் செப்டுமியா வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தாள்: மலர்த்தேவி விழாவுக்குள் விருந்தறைச் சுவரை வரைந்து முடித்தால் தல்லுஸுக்கு விடுதலை. கடைசி நாள் காலையில், பிலோத்தாஸ் வந்துகொண்டிருப்பதாக யாரோ சொன்னதை நம்பி, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நடுக்கட்டத்துக்குச் சாந்தைப் பூசிவிட்டேன். அவரோ பக்கத்து ஊர்க் கள்ளுக்கடையில் மட்டையாகிக் கிடந்தார்.

"வந்துடுவாருன்னு நெனச்சேன்டா."

"நீ நெனச்சே. சுவரு நெனைக்கலியே."

"வழிச்சுப் போட்டுட்டு நாளைக்குப் பூசறேன்."

"நாளைக்கு விருந்துடா, புண்ணியவானே!"

வரைய வேண்டியது தாஃப்னேயின் கதை. சூரியதேவன் துரத்த, அந்தப் பெண் ஓடி ஓடி, பிடிபடும் நேரத்தில் லாரல் மரமாகிவிடுவாள். தல்லுஸ் ஈரச் சாந்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மரத்தை வரைந்தான். மரம் மட்டும். பட்டையில் சிக்கிய கிழிந்த துணி ஒன்று. காற்றில்லாமலே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்குகிற இலைகள்.

மறுநாள் விருந்தாளிகளோடு வந்த செப்டுமியா சுவரைப் பார்த்து நின்றாள்.

"பொண்ணு எங்கடா?"

"மரமாயிட்டாம்மா."

"சாமி?"

"இன்னும் ஓடி வந்துட்டிருக்காரும்மா."

ஒரு கிழவர் சாப்பிடாமல் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார், சூரியதேவன் இப்போது நுழைந்துவிடுவார் என்பதுபோல. செப்டுமியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது யாரு கை? இந்த ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே!" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"என் ஆளுதான்," என்றாள் பெருமையாக.

விருந்தாளிகள் போனதும் தல்லுஸ் அவள் முன்னால் போய் நின்றான்.

"சொன்னேன்தான், இல்லேங்கல. ஆனா நீ இப்படி வரைவேன்னு அப்போ தெரியாதேப்பா. இன்னும் நாலு அறை இருக்கு. உன்னை எப்படி விடறது?"

அவன் தலையாட்டிவிட்டுத் தூரிகைகளைக் கழுவப் போனான். அவள் இறந்தபின் உயிலில்தான் அவனுக்கு விடுதலை கிடைத்தது. அப்போது பதினோரு வருடம் போயிருந்தது. கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள்கூட அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிலோத்தாஸ் வரும்வரை அந்தச் சாந்தை நான் பூசாமல் இருந்திருந்தால், பாதி முடிந்த அறைக்காக அவள் திட்டியிருப்பாள், அடுத்த வருடம் அறை முடிந்ததும், சாதாரணத் தோட்டப்பட ஆள்தானே என்று அவனுக்கு விடுதலை கொடுத்திருப்பாள்.